ஆப்பிளைத் தினசரிப் பழக்கமாக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போகும்போது ஒரு கிலோ ஆப்பிளும் அரை டஜன் சாத்துக்குடியும் வாங்கிப்போவது மரியாதை. படுத்திருப்பவர் ஒன்றிரண்டு துண்டு சாப்பிடுவார். மீதி, பையோடு கட்டிலுக்கடியில் கிடந்து தோல் சுருங்கும். நோயாளிப் பழம், பணக்காரப் பழம் என்ற இரண்டு பெயரும் ஆப்பிளை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே, வாரத்தில் நாலைந்து நாள், வீட்டில் எல்லோரும் சாப்பிடும் பழமாக அதை எப்படி மாற்றிக்கொள்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று தெரிந்த வருடம், சாயங்கால டீயோடு இரண்டு பஜ்ஜி என்ற அவருடைய பழைய பழக்கத்தை நிறுத்த என்னென்னவோ செய்து பார்த்தோம். "வேண்டாம்ப்பா" என்று சொல்லிச் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. நாலரை மணிக்குத் தட்டில் நறுக்கிய ஆப்பிளும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் வைக்கத் தொடங்கிய பிறகுதான் பஜ்ஜி குறைந்தது. ஆப்பிள் தரும் நன்மையில் பாதி அந்தப் பழத்துக்குள் இருக்கிறது. மறுபாதி, அது எந்தப் பலகாரத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது என்பதில் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில், எதை எதிர்பார்க்கலாம்?

"தினம் ஒரு ஆப்பிள் சாப்பிட்டால் டாக்டரிடம் போக வேண்டாம்" என்பதை எல்லோரும் கேட்டிருப்போம். இது பிரிட்டனிலிருந்து வந்த பேச்சு. வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்‌ஷயர் பகுதியில் வழங்கிய பழமொழியாக 1866-இல் அச்சில் வந்தது. படுக்கப்போகும் முன் ஓர் ஆப்பிள் தின்றால் வைத்தியருக்குப் பிழைப்பு நடக்காது என்பது அதன் பழைய வடிவம். இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, 8,399 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் தினமும் ஆப்பிள் சாப்பிடுகிறவர்கள் 753 பேர். படிப்பு, புகைப்பழக்கம் போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது, டாக்டரிடம் போவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டர் சீட்டு எழுதி வாங்கும் மருந்துகள் மட்டும் ஆப்பிள்காரர்களுக்குச் சற்றுக் குறைவு.

ஆக, ஆப்பிள் மருந்து கிடையாது. நல்ல உணவு. இரண்டுக்கும் உள்ள தூரத்தைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஒரு மாதத்தில் ஏமாற்றமடைந்து விட்டுவிட மாட்டீர்கள்.

நடுத்தர அளவு ஆப்பிள் ஒன்று சுமார் 180 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய 95 கலோரி, தோலோடு சாப்பிட்டால் 4 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து, 19 கிராம் இயற்கைச் சர்க்கரை. எடையில் 100-க்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வைட்டமின் சி-க்காக ஆப்பிள் வாங்காதீர்கள். 100 கிராமில் 5 மில்லிகிராம்கூடத் தேறாது. அதே எடைக் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதைக் காட்டி, "பார், அத்தனையும் இரும்புச்சத்து" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு இதை நம்பி ஆப்பிளாக வாங்கிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அந்தப் பழுப்பு, பழத்திலிருக்கும் பாலிஃபீனால் என்ற பொருள் ஒரு நொதியின் உதவியோடு காற்றில் சேர்ந்து மாறுவதால் வருவது. 100 கிராம் ஆப்பிளில் இரும்புச்சத்து 0.12 மில்லிகிராம் அளவுதான். இரும்புக்கு முருங்கைக்கீரை, சுண்டல் என்று போங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அதைத் தவறாமல் போடுங்கள்.

அப்புறம் எதற்கு ஆப்பிள்? முதல் காரணம் நார்ச்சத்து. அதிலும் பெக்டின். ஜாம் கெட்டிப்படுவது இந்தப் பெக்டினால்தான். வயிற்றுக்குள்ளும் அதே வேலையைச் செய்கிறது. தண்ணீரை இழுத்துக்கொண்டு கொழகொழவென்று ஆகி, சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்துக்குள் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. பித்தநீரில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. புதிய பித்தநீர் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை (கொலஸ்ட்ரால்) எடுத்துக்கொள்வதால் கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்குகிறது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு அதுவே தீனி.

கொழுப்பு எவ்வளவு இறங்கும்? இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்தி 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருந்த 40 பேருக்கு 8 வாரம் தினமும் இரண்டு ஆப்பிள் கொடுத்துப் பார்த்தது. இன்னொரு 8 வாரம் அதே அளவு சர்க்கரையுள்ள ஆப்பிள் பானம் கொடுத்தார்கள். பழம் சாப்பிட்ட காலத்தில் மொத்தக் கொழுப்பு, பானம் குடித்த காலத்தைவிட டெசிலிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் குறைவாக இருந்தது. சின்ன எண்தான். மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. ஆனால் எண்ணெய் குறைப்பது, நடப்பது, ஆப்பிள் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் ரிப்போர்ட்டில் தெரியும்.

இன்னொரு காரணம் தோலில் இருக்கிறது. குவெர்செட்டின் போன்ற தாவரப் பொருள்கள் சதையைவிடத் தோலில்தான் மிகுதி. தோலைச் சீவிப் போடுகிறவர்கள் இவற்றோடு நார்ச்சத்திலும் ஒரு பங்கைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

படி 1: நேரத்தைக் குறியுங்கள்

"தினமும் ஆப்பிள் சாப்பிடப்போகிறேன்" என்ற முடிவு நான்கு நாள் தாங்காது. எந்த நேரம், எதற்குப் பதில் என்ற இரண்டையும் முதலில் தீர்மானியுங்கள். காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் வரும் பிஸ்கட்டா, சாயங்காலம் டீக்கடை வடையா, ராத்திரி டிவி முன்னால் கொறிக்கும் மிக்சரா? எது உங்களை அதிகம் இழுக்கிறதோ அந்த இடத்தில் ஆப்பிளை வையுங்கள். வடையும் சாப்பிட்டு ஆப்பிளும் சாப்பிட்டால் 95 கலோரி கூடியதுதான் மிச்சம்.

எடை குறைக்க நினைக்கிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கால்மணி நேரம் முன்னால் ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். 2009-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பு ஆப்பிள் துண்டுகள் சாப்பிட்டவர்கள், ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்தவர்களைவிட, ஆப்பிளையும் சேர்த்துக் கணக்கிட்டே சுமார் 15 சதவீதம் குறைவான கலோரி எடுத்தார்கள். நம் சாப்பாட்டில் அது இரண்டாவது முறை சோறு வாங்காமல் எழுந்திருக்கிற வித்தியாசம்.

வெறும் வயிற்றில் சாப்பிடலாமா, ராத்திரி சாப்பிட்டால் விஷமா என்று கேட்பார்கள். விஷமெல்லாம் ஒன்றும் இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் படுக்கப்போகும் நேரத்தையும் வெறும் வயிற்றையும் தவிர்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு எந்த நேரம் வசதியோ அதுதான் நல்ல நேரம்.

படி 2: கடையில் பார்த்து வாங்குவது

ஆப்பிள் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காதது மாவு மாவாகப் போன பழைய ஆப்பிள்தான். சொறுக்கென்று கடிபடும் பழம் ஒன்றைக் கொடுத்தால் கருத்து மாறிவிடும். அதனால் இந்தப் படிக்கு நேரம் செலவழியுங்கள்.

பெரிய அளவில் ஆப்பிள் விளைய நம் ஊர் மலைகளின் குளிர் போதாது. இந்திய ஆப்பிளில் பெரும்பங்கு காஷ்மீரில் விளைகிறது, அடுத்தது இமாச்சலம். இமாச்சலத்தின் கோட்கர் பகுதிக்கு நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவின் டெலிசியஸ் ரகக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டவர், பிற்காலத்தில் சத்யானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ். நாம் "சிம்லா ஆப்பிள்" என்று சொல்லி வாங்குவதன் பின்கதை இது. ஜூலை கடைசியில் இமாச்சலப் பழம் வரத்தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் காஷ்மீர்ப் பழம் லாரி லாரியாக இறங்கும். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை விலையும் இறங்கும், பழமும் புதிது. பழக்கத்தைத் தொடங்க இந்த மாதங்களைவிட நல்ல காலம் கிடையாது.

டிசம்பருக்குப் பின் வருவது பெரும்பாலும் குளிர்கிடங்குப் பழம். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்து, குளிரில் பழத்தைத் "தூங்க" வைக்கும் கிடங்குகளில் பல மாதம் கெடாமல் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் கிடங்கை விட்டு வெளியே வந்ததும் வேகமாகத் தளரும்; தள்ளுவண்டியில் வெயிலில் இரண்டு நாள் நின்றால் மாவாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நியூசிலாந்து, சிலி நாடுகளின் ராயல் காலா கிடைக்கும். அங்கே அப்போதுதான் அறுவடை முடிந்திருக்கும் என்பதால், விலை கூடினாலும் பழம் புதிதாக இருக்கும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது நான் கவனிப்பது இவை. அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் குழி விழக் கூடாது; அழுத்திக் காயப்படுத்தவும் வேண்டாம், அடுத்தவர் வாங்குகிற பழம். காம்பைச் சுற்றித் தோல் சுருங்கியிருந்தால் பழம் பழையது. டெலிசியஸ் வகையில் சிவப்புக்கு அடியில் தெரியும் நிறம் முழு மஞ்சளாகிவிட்டால் உள்ளே மாவாக இருக்க வாய்ப்பு அதிகம். இளம்பச்சை கலந்திருந்தால் கடிபடும். பளபளப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எந்த ரகம்? அடிப்பக்கம் ஐந்து மேடாக நீண்டிருப்பது ரெட் டெலிசியஸ். இனிப்பு அதிகம், சீக்கிரம் மாவாகும். ராயல் காலா, ஃபூஜி இரண்டும் சொறுக்கென்று இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான் இவற்றைத்தான் சொல்வேன். பச்சை நிறத்தில் வரும் கிரானி ஸ்மித் புளிக்கும்; மிளகாய்த்தூளும் உப்பும் தூவினால் மாங்காய் பத்தை மாதிரி இறங்கும். காஷ்மீரில் அம்ப்ரி என்று ஒரு நாட்டு ரகம் உண்டு, வாசனை அபாரம். இங்கே கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் இருந்தால் வழக்கமான விவசாயத்தில் விளைந்தது. ஐந்து இலக்கமாக இருந்து 9-இல் தொடங்கினால் இயற்கை வேளாண்மைப் பழம். 4131 என்றால் பெரிய ஃபூஜி, 4017 என்றால் பெரிய கிரானி ஸ்மித். தரத்தைச் சொல்லும் எண் என்று நினைத்துக்கொண்டு இதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

நடுத்தர அளவில் கிலோவுக்கு ஐந்தாறு நிற்கும். முதல் வாரம் ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம்.

படி 3: வைக்கும் இடம்

வெளியே கூடையில் அழகாக அடுக்கி வைப்பதைவிட ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டிதான் நல்லது. நம் வெயிலுக்கு வெளியே நான்கைந்து நாளில் தளரும் பழம், உள்ளே மூன்று வாரம் நன்றாக நிற்கும். துளை போட்ட கவரில் வைத்தால் ஈரம் போகாது. ஆப்பிளிலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளியாகும். பக்கத்தில் கீரை, வெள்ளரிக்காய், கேரட் இருந்தால் சீக்கிரம் கெடும். அதே காரணத்தால், காயாக வந்த சப்போட்டாவையும் வாழைப்பழத்தையும் ஓர் ஆப்பிளோடு கவரில் கட்டி வைத்தால் சீக்கிரம் பழுக்கும்.

அடிபட்ட பழத்தை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்து அழுகியதைச் சிக்கனம் பார்த்து வெட்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம். ஆப்பிளில் வரும் நீலப்பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும்; அது கண்ணுக்குத் தெரியும் அழுகலைத் தாண்டியும் பரவியிருக்கலாம்.

படி 4: கழுவுதல்

மெழுகு பற்றிய பயத்தில் பலர் ஆப்பிளையே விட்டுவிட்டார்கள். கத்தியால் சுரண்டி வெள்ளைப் பொடியைக் காட்டும் வீடியோக்கள் எல்லோர் கைப்பேசிக்கும் வந்திருக்கும். ஆப்பிளின் தோலிலேயே இயற்கையாக மெழுகு உண்டு. பறித்தபின் கழுவும்போது அது போய்விடுவதால், பழம் வாடாமலிருக்க மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேன்மெழுகு, ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றைப் பழத்தில் பூச அனுமதிக்கிறது. பூசியிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். இவை உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். கையில் திட்டுத் திட்டாக ஒட்டுகிற அளவுக்குத் தடிமனாக இருந்தால் அந்தக் கடையை மாற்றுங்கள்.

மெழுகைவிடப் பூச்சிமருந்து மிச்சம்தான் எனக்குக் கவலை. அதற்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் இரண்டு மருந்துகளைக் காலா ஆப்பிள்மீது தடவிச் சோதித்தார்கள். வெறும் தண்ணீரைவிட, பிளீச்சிங் கரைசலைவிட, ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் நன்றாக வேலை செய்தது. மேல்தோலில் இருந்த மருந்து 12 முதல் 15 நிமிடத்தில் போய்விட்டது. தோலுக்குள் ஊடுருவியதை எதுவும் எடுக்கவில்லை.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடா. ஆப்பிள்களைக் கால்மணி நேரம் ஊறவிட்டு, ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். காம்புக் குழியிலும் அடிக்குழியிலும் விரல் விட்டுத் தேய்க்க மறக்காதீர்கள். ஸ்டிக்கரைக் கழுவும் முன்பே எடுத்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். நேரமில்லாத நாளில் குழாய்த் தண்ணீரில் அழுத்தித் தேய்த்தாலே போதும்; சோடா இல்லை என்று பழத்தை விடாதீர்கள். சாப்பிடும் முன் கழுவுவதுதான் நல்லது. மொத்தமாகக் கழுவி ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் அழுகும்.

படி 5: கடித்துச் சாப்பிடுங்கள், குடிக்காதீர்கள்

நான் அதிகம் மன்றாடிச் சொல்வது இந்தப் படியைத்தான். ஆப்பிள் ஜூஸ், மில்க் ஷேக் இரண்டையும் ஆப்பிள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1977-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுதாக, மசித்து, ஜூஸாக. முழுப்பழம் சாப்பிட ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஜூஸ் உள்ளே போய்விட்டது. பசி அடங்கியது முழுப்பழத்தில்தான் அதிகம். ஜூஸில் மிகக் குறைவு. ஜூஸ் குடித்தபின் இன்சுலின் அதிகமாக எகிறி, கொஞ்ச நேரத்தில் சர்க்கரை சாப்பிடுவதற்கு முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்கியது. முழுப்பழத்தில் அப்படி ஆகவில்லை. ஜூஸ் குடித்த ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

மெல்லுவதற்கு ஆகும் அந்தப் பத்து நிமிடம்தான் வயிறு "போதும்" என்று சொல்லக் கிடைக்கும் அவகாசம். தோலோடு, நிதானமாக மென்று சாப்பிடுங்கள். இதுவரை தோல் சீவியே பழகியவர்களுக்குத் தோல் வாயில் தட்டுப்படும். முதல் வாரம் மெல்லிய துண்டுகளாக நறுக்கிக்கொண்டால் பழகிவிடும்.

விதையை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள், விதையைக் கடித்து மென்றால் சயனைடை விடுவிக்கும். தெரியாமல் ஒன்றிரண்டை விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், அந்த அளவு ஒன்றும் செய்யாது.

டிபன் டப்பாவில் கொண்டுபோகிறவர்கள், நறுக்கிய துண்டுகளை ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு கரைத்து ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் மதியம் வரை கறுக்காது. எலுமிச்சைச் சாறு நாலு சொட்டும் இதே வேலையைச் செய்யும். வெட்டாமல் முழுதாகவே பையில் போட்டுக்கொண்டு போனால் இந்த வேலையும் மிச்சம்.

சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள். ஆப்பிளில் அமிலம் உண்டு. உடனே பிரஷ் போட்டுத் தேய்த்தால் பல்லின் மேல்பூச்சு தேயும். அரைமணி நேரம் பொறுத்துத் தேய்க்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்

"பழமே தொடக்கூடாது" என்று ஒதுங்கி, அந்த இடத்தில் நாலு மேரி பிஸ்கட் சாப்பிடுகிறவர்களை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்ணுக்குக் கிளைசெமிக் குறியீடு என்று பெயர். முழு ஆப்பிளுக்கு அது 40-க்குக் கீழே. வெள்ளைச் சோற்றுக்கு அதைவிட மிக அதிகம். 2013-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வு, அமெரிக்காவில் 1,87,000-க்கும் அதிகமானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தது. முழுப்பழங்கள், குறிப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவாக இருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. பழம்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பழத்தையும் ஜூஸையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் அரை ஆப்பிளில் தொடங்குங்கள். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு, அதன் தலைமேல் பழம் வேண்டாம். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே, வேர்க்கடலையோ சுண்டலோ சேர்த்துச் சாப்பிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன் ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாள் எழுதினால் உங்கள் உடம்புக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.

குழந்தைகள், பெரியவர்கள், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள்

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். நான்கு வயது வரை வேகவைக்காத ஆப்பிள் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு அப்பால் போகாதீர்கள். கடினமான துண்டு தொண்டையில் சிக்கும் ஆபத்து நிஜமானது. துருவியோ, காகிதம் போல மெல்லிசாகச் சீவியோ கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள்.

பல் இல்லாத தாத்தா பாட்டிகளுக்கு இட்லிக் கொப்பரைதான் வழி. நாலாக நறுக்கி, விதை நீக்கி, சின்னத் துண்டு பட்டையோடு எட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வேகவிட்டால் கரண்டியால் வெட்டிச் சாப்பிடலாம். நார்ச்சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். சர்க்கரை சேர்க்கத் தேவையே இல்லை, ஆவியில் வெந்ததும் இனிப்பு நன்றாகத் தெரியும். சூட்டோடு கொடுங்கள், ஆறினால் அவர்களுக்குப் பிடிக்காது.

நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் வாரம் கொஞ்சம் உப்பலாம். அரைப்பழத்தில் தொடங்கி, தண்ணீர் நன்றாகக் குடித்தால் சரியாகும். ஐ.பி.எஸ். என்ற குடல் தொந்தரவு இருப்பவர்களுக்கு ஆப்பிளிலுள்ள பிரக்டோஸ், சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள்கள் வயிற்றைப் பொருமச் செய்யும். அவர்கள் பிடிவாதம் பிடிக்காமல் பப்பாளி, ஆரஞ்சு என்று மாறிக்கொள்ளலாம். ஆப்பிள் சாப்பிட்டால் உதடும் தொண்டையும் அரிக்கிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம், நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தும்மல், அரிப்புக்கு ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரை போடுகிறவர்கள் அதைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். ஆப்பிள் ஜூஸோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சிறுநீரகப் பிரச்சினைக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், பழங்களில் ஆப்பிள் ஓரளவு பொட்டாசியம் குறைந்தது. இருந்தாலும் எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு போதும், விலை ஏறினால் என்ன செய்வது?

ஒரு நாளைக்கு ஒன்று போதும். இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது. ஒரு சின்ன ஆப்பிளே அந்த அளவைத் தாண்டிவிடும். ஏழு நாளும் ஆப்பிளாகவே இருக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் ஆப்பிள், மற்ற நாள் கொய்யா, பப்பாளி, மாதுளை என்று எது மலிவோ அது. கொய்யாவில் நார்ச்சத்து ஆப்பிளைப்போல இரண்டு மடங்கு. விலையோ பல நாள்களில் பாதிக்கும் கீழே. ஆப்பிள் வாங்க வசதியில்லையே என்று எந்த வீட்டிலும் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. மேலே சொன்ன நேரம், கழுவும் முறை, கடித்து மெல்லுவது எல்லாம் கொய்யாவுக்கும் அப்படியே பொருந்தும்.

பழம் தட்டில் வரும் அந்த நாலரை மணியை மட்டும் கோடையிலும் மாற்றாதீர்கள். மார்ச்சில் விலை ஏறத் தொடங்கும்போது ஆப்பிளைக் குறைத்துக்கொண்டு கொய்யா, தர்பூசணி, கிர்ணி என்று போங்கள். ஜூலை கடைசியில் பழக்கடைக்காரர் புது இமாச்சலப் பெட்டியை உடைக்கும்போது கேளுங்கள், ஒன்றை வெட்டிக் கையில் கொடுப்பார். கடித்துப் பார்த்துவிட்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.